அம்மம்மாட நினைவு மலரை 31க்குள்ள செய்து முடிக்கிறது எப்பிடி

எங்கட அம்மம்மா தவறி எட்டாம் நாள் அண்டைக்கு, சாப்பாடெல்லாம் முடிஞ்சு ஆக்கள் கலைஞ்சாப் பொறகு, சின்ன மாமா என்னைக் கூப்பிட்டு "31ம் நாளுக்கு நினைவு மலர் ஒண்டு அடிக்கோணும், நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவள், நீயே செய் மனே" எண்டார். யாரிட்டக் கேக்கிறது, எங்க தொடங்கிறது, ஒண்டும் தெரியாது. கையில இருந்தது 23 நாள். எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் எல்லா வீட்டிலயும் எண்டைக்காவது ஒரு நாள் ஒரு பேரப்புள்ளைட தலையில இந்த வேலை வந்து விழும், அப்பிடி விழுந்த ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். சைவ வீட்டு முறையைத்தான் நான் சொல்றன், வேதக்கார (கிறிஸ்தவ) வீடெண்டா 31ம் நாள் பூசைக்குச் செய்வீங்க, சடங்கு வேற எண்டாலும் வேலை முக்கால்வாசி ஒண்டுதான்.

முதல் வேலை எழுத்தே இல்ல. உயிர் பிரிஞ்ச நேரத்தை மணி நிமிசத்தோட எங்கயாவது எழுதி வைங்க. ஆண்டுத் திவசம் இங்கிலீசுத் தேதிக்கு வாறதில்ல, தமிழ் மாசம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி எண்டு பாத்துத்தான் வரும், திதியும் நம்மட நாள் மாதிரி நடு ராவில மாறாது, காலம பத்துக்கும் மாறும் பின்னேரம் நாலுக்கும் மாறும், அதால "அண்டைக்குத் தவறினவ" எண்டு மட்டும் சொன்னா ஐயராலயும் சரியாச் சொல்ல ஏலாது. மலரில திதி வெண்பா (தவறின திதியச் சொல்ற பாட்டு) போடுறதெண்டாலும் இது வேணும். எங்கட வீட்டில அழுத அழுகையில ஒருத்தரும் மணியப் பாக்கல்ல. பக்கத்து வீட்டு மாமி சின்னம்மாக்குக் கோல் எடுத்த நேரம் போனில கிடந்தபடியாத்தான் விடியச்சாமம் 4.20 எண்டு பிடிச்சம்.

அடுத்தது, வீட்டில கிடக்கிற பழைய மலருகளை எடுத்து ஒரு தரம் வாசிங்க. நான் ஐஞ்சு எடுத்தன். ஐஞ்சு பொம்புளையள், ஐஞ்சு ஊரு, ஆனா வாசிச்சா ஒரே ஆள். அஞ்சு பேரும் "அன்பும் பண்பும் அடக்கமும் நிறைந்தவர்", அஞ்சு பேரும் "வந்தோரை வரவேற்று விருந்தோம்பியவர்". பிரசில ரெடியா ஒரு எழுத்து வச்சிருப்பாங்க, பேரை மட்டும் மாத்தி அடிச்சுத் தருவாங்க, அவங்கள்ல பிழை இல்ல, செத்த வீட்டு ஆக்களுக்கு எழுத மனசு வராது எண்டு தெரிஞ்சு செய்யிற உதவிதான் அது. ஆனா அதை எடுக்காதீங்க. உங்கட அம்மம்மா அந்த ஐஞ்சு பேரில ஒராள் இல்ல.

அப்ப என்னத்தை எழுதுறது? கேட்டுத்தான் எழுதோணும், அதுவும் எட்டு முடிஞ்ச கையோட. வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள் நிப்பாங்க, வயசான ஆக்கள் முத்தத்தில பாயை விரிச்சு இருப்பாங்க, எல்லாருக்கும் அவட கதைதான் வாயில. 31 முடிஞ்சா எல்லாரும் போயிருவாங்க. போனில ரெக்கோட் பண்ணுங்க, முதல்ல "பாட்டி, ரெக்கோட் பண்றன், சரியா" எண்டு கேட்டுட்டுச் செய்ங்க, ஒளிச்சு வச்சுச் செய்யாதீங்க. தொடங்க முதல் போனில இடம் இருக்கா எண்டு பாருங்க. அம்மம்மாட தங்கச்சி, சின்னம்மம்மா எண்டு சொல்லுவம், ஒண்டரை மணித்தியாலம் கதைச்சா, தாய் தகப்பன் கலியாணம் முடிச்ச கதையில இருந்து. பொறகு பாத்தா போன் நிறைஞ்சு நாலாவது நிமிசத்திலயே நிண்டிருக்கு. மற்ற நாள் திரும்பக் கேட்டன், சொன்னாதான், ஆனா முதல் நாள் சொன்ன மாதிரி வரல்ல. அதை நினைச்சா இண்டைக்கும் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்.

கேக்கிற விதம் ஒண்டு இருக்கு. "அம்மம்மா எப்பிடிப்பட்டவ?" எண்டு கேட்டா "நல்ல மனுசி கா, தங்கமான மனுசி" எண்டதோட முடிஞ்சிரும். "காலம எத்தின மணிக்கு எழும்புவா, எழும்பி முதல் என்ன செய்வா?" எண்டு கேளுங்க. நான் கேட்டன், சின்னம்மம்மா கண்ணை மூடிட்டுச் சொன்னா: கோழி கூவ முதல் எழும்பி, கிணத்தடிக்குப் போய் முகம் கழுவி, வந்து சாமித்தட்டுக்கு முன்னால நிண்டு திருநீத்துக் குட்டானைத் திறந்து மூண்டு விரலால எடுத்து, உடனே பூசமாட்டா, கையில வச்சுக்கொண்டு எழுவான் (கிழக்கு) பக்கம் திரும்பி ஏழு புள்ளைட பேரையும் மூத்ததில இருந்து வரிசையாச் சொல்லுவா, கடைசிப் பேர் சொல்லி முடிஞ்சாத்தான் நெத்தில பூசுறது. இது எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டில வளந்தவள், ஆனா அந்த நேரம் நித்திரை. மலரில முதல் பக்கம் இதுதான் போட்டம். "பக்தி மிக்கவர்" எண்டு ஒரு இடத்திலயும் எழுதல்ல, தேவைப்படல்ல.

இப்பிடிச் சின்னச் சின்னதாக் கேளுங்க. வெள்ளிக்கிழமை என்ன சமைப்பா, கந்தசட்டிக்கு ஆறு நாளும் எப்பிடி இருப்பா, மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு எப்பிடிப் போவா. எங்கட அம்மம்மா குருமண்வெளித் துறையால ஓடத்தில ஆத்தைக் கடந்து போவா, அங்க பூசை செய்யிற கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்யிறதைப் பாத்திட்டு வந்து வீட்டிலயும் நேத்திச் சோறு சமைச்சு முடியிற வரைக்கும் வாய் திறந்து கதைக்கமாட்டாவாம். அடுப்படிக்கு யாரும் போய்க் கேள்வி கேட்டா அகப்பையால காட்டுறதுதானாம். இதைச் சொல்லக்குள்ள சின்னம்மா சிரிச்சு சிரிச்சு அழுதா.

வருசம்தான் எல்லாருக்கும் சிக்கல். வயசான ஆக்களுக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து எத்தினை எண்டு கேட்டாத் தெரியாது, ஆனா "57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா?" எண்டு கேட்டா டக்கெண்டு சொல்லுவாங்க. எங்கட பக்கத்துக்கு இது நல்ல அளவுகோல்: 1957 வெள்ளம், எழுவதுகள்ல சாமானுக்கு லைனில நிண்ட சிறிமா காலம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 யுத்தப் பிரச்சினை, 2004 டிசம்பர் 26 சுனாமி. "வெள்ளம் வரக்குள்ள மூத்தவன் வயித்தில", "சூறாவளிக்கு வீட்டுக் கூரை போகக்குள்ள கடைசிக்குப் பல்லு முளைக்கல்ல", இப்பிடியான வசனங்களால நாங்க ஏழு புள்ளைட பிறந்த வருசத்தையும் ஒழுங்காக்கிட்டம்.

பிறந்த தேதிக்கு அடையாள அட்டையப் பாருங்க. எங்கட நாட்டில அட்டை குடுக்கத் தொடங்கினது 1972ல, பழைய அட்டையில 9 இலக்கமும் கடைசில ஒரு இங்கிலீசு எழுத்தும் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்புளையளுக்கு மட்டும் அதோட 500 கூட்டியிருக்கும். அம்மம்மாட இலக்கம் 38552 எண்டு தொடங்குது, அப்ப 1938, 552ல 500ஐக் கழிச்சா 52, ஜனவரி 31 நாள் போக பெப்ரவரி 21. மார்ச்சில இருந்து வாற பிறந்தநாளெண்டா ஒரு விசயம், லீப் வருசம் இல்லாட்டியும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டுதான் அதில கணக்கு. ஆனா அட்டையில கிடக்கிறதுதான் உண்மை எண்டும் இல்ல. சின்னம்மம்மா அடிச்சுச் சொன்னா, "அக்கா பிறந்தது வைகாசி, குளிர்த்தி முடிஞ்ச கிழமை, எங்கட அம்மா சொன்னவ" எண்டு. குளிர்த்தி எண்டது கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு. பெப்ரவரி எங்க வைகாசி எங்க. அந்தக் காலம் பதியப் போன ஆள் ஒரு தேதியச் சொல்லி இருப்பார். ரெண்டையும் போட்டம், "அட்டைப்படி இது, தாய் சொன்னபடி இது" எண்டு.

குடும்ப விவரத்துக்கு வருவம், இதில நான் கொஞ்சம் பிடிவாதமா நிண்டனான். பிரஸ்காரர் தாற படிவத்தில "இன்னாரின் அன்புப் புதல்வியும், இன்னாரின் மனைவியும்" எண்டு தகப்பன் பேரில தொடங்கி புருசன் பேரில முடியும். எங்கட பக்கம் குடி, அதாவது வம்சம், வாறது தாய் வழியில. கோயில் திருவிழா உரிமை குடிக்குத்தான், ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கிறதில்ல, வீடு வளவு மகளுக்குத்தான் சீதனமாப் போகும். நாங்க எல்லாரும் இண்டைக்கு என்ன குடி எண்டு சொல்றது அம்மம்மாட வயித்து வழியாலதான், அப்பிடியிருக்க அவட மலரிலேயே அவட தாயிட பேர் இல்லாட்டி எப்பிடி? அதால வம்ச விருட்சத்தை அம்மம்மாட அம்மம்மாவில இருந்து தொடங்குங்க. குடிப் பேரை எழுதுங்க. மேல போகப் போக பேர் தெரியாம வரும், அங்க கோயில் வண்ணக்கரை (கோயில் நிர்வாகம் பாக்கிற ஆளை) இல்லாட்டி ஊரில மூத்த ஒரு பெண்ணாளைக் கேளுங்க. எங்களுக்கு நாலு தலைமுறை கிடைச்சுது. முதல் ஒரு பெரிய தாளில பென்சிலால கீறி முத்தத்தில வைங்க, வாற போற ஆக்கள் தாங்களாவே பாத்துத் திருத்துவாங்க.

இப்ப சாமான். ரூம்பை ஒதுக்கிப்போட்டு பழசெல்லாம் எரிக்க முதல், ஒவ்வொரு தாளாப் பாருங்க. இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். எட்டாம் நாள் துப்புரவில எத்தினை வீட்டில எத்தினை கொப்பி எரிஞ்சு போகுது.

அம்மம்மாட பெட்டகத்தில, பன்பாய்க்குக் கீழ, சிஆர் எண்டு சொல்ற தடிச்ச மட்டைக் கொப்பி ஒண்டு கிடந்திச்சு. மட்டையில மண்ணெண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் கரப்பான் திண்டது. முன்பக்கமா தேவாரம், மார்கழியில விடியச்சாமம் கோயில்ல படிக்கிற திருவெம்பாவை, கந்தசட்டிக்குப் படிக்கிறது, எல்லாம் அவட கையெழுத்தில. பின்பக்கமா திருப்பிப் பிடிச்சா நேத்திக்கடன் கணக்கு. ஒரு வரிக்கு ஒரு நேத்தி. "சின்னவளுக்கு அம்மை, கண்ணகை அம்மன், குளிர்த்திக்கு மடைப்பெட்டி." பக்கத்தில "சரி". "வெள்ளைப்பசு காணல்ல, மாமாங்கப் பிள்ளையார், தேங்காய் 21." "சரி". "மகள் சோதினை, மண்டூர்." "சரி". இப்பிடி அறுவத்திமூண்டு வரி, பேனை மாறி மாறி, கை நடுங்க நடுங்க. அவ சுயசரிதை எழுதல்ல, ஆனா எழுதித்தான் வச்சிருந்திருக்கா. எந்த வருசம் எந்தப் புள்ளைக்கு என்ன வந்திச்சு, வீட்டில எது இல்லாமப் போச்சு, எதுக்குப் பயந்தா, எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.

ஒரு வரிக்கு மட்டும் "சரி" இல்ல. "மூத்தவன் வந்தா கதிர்காமம் நடை." பெரிய மாமா 90ல போனவர், வரல்ல.

இப்பிடி ஒண்டு கையில வந்தா என்ன செய்யிறது? மலருக்கு நல்லா இருக்கும் எண்டு உடனே டைப் பண்ணப் போகாதீங்க. நான் கொப்பியக் கொண்டு போய் சின்ன மாமா, சின்னம்மா, அம்மா, பெரிய மாமிட கையில குடுத்தன். மாமி அந்த வரியில விரலை வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தா. போடலாமா எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல, அவதான் சொன்னா, "போடு மகள், அவர்ட பேரையும் புள்ளையள்ட வரிசையில முதலாவதாப் போடு, அமரர் எண்டு மட்டும் போட்டிராத" எண்டு. அப்பிடியே செய்தம். உங்கட வீட்டில இப்பிடி ஒராள் இருந்தா, பேருக்கு முன்னால என்ன போடுறது எண்டதைத் தாய், பெண்சாதி, புள்ளையள் சொல்லோணும், டைப் பண்ற ஆளில்ல. காணிப் பிரச்சினை, கலியாணப் பிரச்சினை, கடன் கொப்பியில கிடக்கிற ஊராக்கள்ட பேரு, இதெல்லாம் அச்சுக்குப் போகாது, வீட்டிலயே இருக்கட்டும்.

படம் பாடு பெரிய பாடுதான். சூறாவளியும் இடம்பெயர்வும் சுனாமியும் கண்ட வீட்டில அல்பம் எங்க இருக்கும்? மற்ற ஆக்கள்ட வீட்டில தேடுங்க. கலியாண வீட்டு அல்பத்தில பந்திக்குப் பின்னால நிப்பா, கோயில் கும்பாபிசேகப் படத்தில கும்பத்தோட நிப்பா, கனடாவில லண்டனில இருக்கிற ஆக்களுக்குப் போட்ட கடிதத்தோட ஒரு படம் போயிருக்கும். பழைய படம் கண்ணாடியோட ஒட்டிப்போய் இருந்தா பிரிக்க வேணாம், பிரிச்சா முகம் கண்ணாடியோடயே வந்திரும். யன்னலடியில நிமித்தி வச்சு, பிளாஷ் அடிக்காம, கொஞ்சம் பக்கவாட்டா நிண்டு கண்ணாடியோடயே எடுங்க. வெளிநாட்டு ஆக்களுக்கு "வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பாதீங்க, டொக்குமென்ட்டா அனுப்புங்க" எண்டு சொல்லுங்க, போட்டோவா அனுப்பினா அது நசுங்கித்தான் வரும், போனில வடிவா இருக்கும், அச்சில முகமே தெரியாது. படத்துக்குக் கீழ யார் யார் நிக்கிறது எண்டு இடமிருந்து வலமா எழுதுங்க, இண்டைக்கு உங்களுக்குத் தெரியும், இருவது வருசத்தில ஒருத்தருக்கும் தெரியாது.

முழு மலருக்கும் முகம்தான் வேணும் எண்டும் இல்ல. நாங்க அவட திருநீத்துக் குட்டானை எடுத்துப் போட்டம், நேத்திக் கணக்கில ஒரு பக்கத்தை அப்பிடியே படமாப் போட்டம். வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கக்குள்ள அவ தலையில சுமந்து போன மடைப்பெட்டியையும் போட்டம், வெத்திலை, பாக்கு, பழம், கமுகம்பூ எல்லாம் வச்சு அடுக்கிற வரிசை அம்மாக்குத் தெரியும், அந்த வரிசையை அம்மா சொல்லச் சொல்ல எழுதினன்.

பாட்டுப் போடுறதில ஒரு சொல். எல்லா மலரிலயும் பாதி தேவாரம்தான், தடிப்பாக்கிறதுக்காகச் சேர்க்கிறது. நீங்க அவ உண்மையாவே படிச்சதை மட்டும் போடுங்க. தேவாரம் திருவாசகத்தைப் புத்தகத்தோட ஒத்துப் பாத்துப் பிழையில்லாமப் போடோணும், அது சாமிட பாட்டு. ஆனா ஏணையில ஆட்டக்குள்ள அவ படிச்ச தாலாட்டு, வயலுக்க படிச்ச கவி, அதெல்லாம் அவ படிச்ச மாதிரியேதான், சொல்லு பிழையா இருந்தாலும் திருத்த வேணாம். கண்ணகை அம்மன் கோயில்ல வைகாசியில வழக்குரை (கண்ணகை கதைப் பாட்டு) படிக்கக்குள்ள அவ பக்கத்தில இருந்து வாய்க்குள்ள சேர்ந்து படிப்பாவாம், எந்த இடம் வந்தாக் கண்ணைத் துடைப்பா எண்டு சின்னம்மம்மா சொன்னா, அதையும் எழுதினம்.

இனி டைப்பும் அச்சும். நீங்க போனில அடிக்கிறது யூனிகோட், பிரசில கனபேர் வேலை செய்யிறது பாமினி எண்ட பழைய எழுத்துருவில. மாத்தக்குள்ள எழுத்து இடம் மாறி விழும், "ஸ்ரீ", "ஔ" எல்லாம் சிதறும், அதால முதல் புரூபை ரெண்டு பேர் இருந்து ஒராள் சத்தமா வாசிக்க மற்றாள் பாக்கோணும். பேருகளை ஒவ்வொரு எழுத்தாப் பாருங்க. எங்கட மலரில பூட்டிட பேரில ஒரு எழுத்து விழுந்து போச்சு, அடிச்சு வந்தாப் பொறகுதான் கண்டம், 31ம் நாள் அமுதுக்கு (சாப்பாட்டுக்கு) முதல் நாள் ராவு பேரப்புள்ளையள் எல்லாம் வட்டமா இருந்து முந்நூறு மலரிலயும் பேனையால திருத்தினம். இன்னொண்டு, டைப் பண்ற தம்பிமார் நல்ல மனசோட "எண்டு" எல்லாத்தையும் "என்று" ஆக்குவாங்க, "கண்ணகை"ய "கண்ணகி" ஆக்குவாங்க. அவ சொன்ன சொல்லு மேற்கோளுக்குள்ள இருந்தா கை வைக்க வேணாம் எண்டு முதலே சொல்லுங்க.

நடுவில பின் அடிக்கிற மலரெண்டா பக்கக் கணக்கு நாலால பிரிபடோணும், 24, 28, 32 எண்டு. 26 பக்கத்துக்கு எழுதிக் குடுத்தா ரெண்டு பக்கம் வெறுமையா வரும், இல்லாட்டி ரெண்டு பக்கத்தை வெட்டோணும். விலையும் நாளும் ரெண்டு பிரசில கேளுங்க. பதினெட்டாம் நாளுக்குள்ள எழுத்தும் படமும் குடுத்திருங்க, இருவத்தஞ்சாம் நாள் கடைசிப் புரூப், அப்பதான் மூச்சு விடலாம். எத்தினை அடிக்கிறது எண்டதுக்கு 31க்குச் சொல்லப் போற வீட்டைக் கணக்கெடுத்து அதோட ஐம்பது கூட்டுங்க, ஆளுக்கொண்டு வேணாம் வீட்டுக்கொண்டு போதும்.

குடுத்து முடிஞ்சா வேலை முடியல்ல. பிடிஎப் பைலை பிரசில கேட்டு வாங்குங்க, ரெக்கோட், படம் எல்லாத்தோடயும் சேத்து ரெண்டு வேற வேற ஆக்களிட்ட வைங்க. நூலகம் எண்டு இணையத்தில 2005ல இருந்து இலங்கைத் தமிழ் நூல், பத்திரிகை எல்லாம் சேத்து வைக்கிறாங்க, நினைவு மலரும் எடுப்பாங்க, வீட்டாக்களோட கதைச்சிட்டு ஒரு பிரதி அனுப்புங்க. கோயிலுக்கொண்டு, அவ படிச்ச பள்ளிக்கூடத்துக்கொண்டு.

தாயை இழந்த ஆக்கள் சித்திராப் பௌர்ணமிக்கு விரதம் பிடிச்சுக் கஞ்சி காய்ச்சுவம்தானே, முதல் வருசக் கஞ்சிக்குச் சொந்தக்காரர் திரும்பவும் சேருவாங்க. மலர் வாசிச்ச ஆக்களுக்கு அதுக்குள்ள வேற கதையெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். அதுக்காக ஒரே ஒரு பிரதியில மட்டும் பின்னுக்கு எட்டு வெறுந்தாள் சேத்துக் கட்டித் தரச் சொல்லுங்க. எங்கட அந்தப் பிரதி 31 அண்டைக்கு அம்மம்மாட படத்துக்குப் பக்கத்தில பேனையோட இருந்திச்சு, கஞ்சிக்கும் இருந்திச்சு. மீன் கொண்டு வாற அண்ணன் எழுதியிருக்கார், வெள்ளிக்கிழமை மீன் வாங்காட்டியும் அவரை மறிச்சுத் தேத்தண்ணி குடுத்துத்தான் விடுவாவாம். சின்னம்மம்மாக்கு எழுத வராது, அவ சொல்ல நான் எழுதினன்: "அக்கா கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் கடைசிலதான் விடுவா, நீங்க இண்டைக்கு முதலே விட்டிட்டீங்க." இன்னும் மூண்டு தாள் வெறுமையாக் கிடக்கு.